கழுவிய போத்தல்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். திருகோணமலை லிங்கநகரில் எங்கள் ஒழுங்கையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: மேனுஜா நல்ல பிள்ளைதான், ஆனால் கோபம் வந்தால் முன்னால் நிற்பது யார் என்று பார்க்கமாட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுத வந்தது நஜ்முன் நிஸா அக்காவைப் பற்றித்தான். ஆனால் அவருடைய வாழ்க்கைக்குள் என் வாய் ஒரு நாள் நுழைந்துவிட்டது. அதை மறைத்துவிட்டு எழுதினால் பச்சைப் பொய்யாகப் போய்விடும்.

அக்கா பிறந்தது மூதூரில். 2006 ஆம் ஆண்டுச் சண்டையில் ஊரே வெளிக்கிட்டு நடந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. கந்தளாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். ஒரு வகுப்பறைக்குள் நாற்பது பேர். சோறு கிடைத்தது, தண்ணீர்தான் கிடைக்கவில்லை. தொழுகைக்கு முகம் கை கால் கழுவக்கூட ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு. "பத்து நாள் உடுத்த உடுப்போட கிடந்தம் புள்ள. என்ட நாத்தம் எனக்கே சகிக்கல்ல" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். உழவு மெசின் பெட்டியில் பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் கொண்டுவந்த கந்தளாய் இளைஞர்களில் ஒருவர் முனாப். மற்றவர்கள் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் மட்டும் ஒரு வாளியைத் தனியாக ஒளித்துவைத்து, பெண்கள் இருக்கும் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல நிற்பாராம். அடுத்த வருடம் கல்யாணம். "ஒரு வாளித் தண்ணிக்கு விழுந்தவள் இவள்" என்று முனாப் நானா, அவர்கள் வழக்கில் முனாப் அண்ணன், ஆட்கள் முன்னால் கேலி பண்ணுவார். அக்கா அகப்பையை ஓங்குவார்.

அந்தப் பத்து நாள் அக்காவை விட்டுப் போகவேயில்லை. கழுவிக்கொண்டே இருந்தார். அரிசியை ஐந்து தண்ணீரில் கழுவுவார். செருப்பைத் தேய்த்துக் கழுவி வெயிலில் வைப்பார். கடையிலிருந்து வாங்கிவந்த சவர்க்காரத்தைக்கூட ஒருமுறை கழுவிவிட்டுத்தான் பாவிப்பார் என்றால் பாருங்கள்! "விட்டா கந்தளாய்க் குளத்தையும் ஒருக்காக் கழுவிப்போட்டுத்தான் தண்ணி அள்ளுவாள்" என்பார் நானா.

குளத்துக்குக் கீழே வாய்க்கால் ஓரமாக அவர்களுடைய வீடு. ஊர்ப் பெயரை எழுதமாட்டேன். ஏற்கெனவே அங்கே சம்பந்தம் பேச வருகிறவர்கள் "அந்தப் பக்கம் கிட்னி வருத்தமாமே" என்று இழுத்துக்கொண்டு நிற்கிறார்கள். உண்மைதான், அந்தப் பக்கத்து வயல்காரர்களுக்கு அப்படி ஒரு வருத்தம் வருகிறது. சீனி வருத்தம் இருக்காது, பிறஷர் இருக்காது. நாற்பது, நாற்பத்தைந்து வயதில் சிறுநீரகம் சுருங்கிப்போய் ஆள் விழுவார். தொடக்கத்தில் உடம்பு ஒன்றும் காட்டாது. சலத்தை, அதாவது சிறுநீரைச் சோதித்தால்தான் தெரியும். நேரத்தோடு கண்டுபிடித்தால் பல வருடம் இழுத்துப் பிடிக்கலாம். ஏன் வருகிறது என்று மட்டும் யாரும் இன்னும் முடிவாகச் சொல்லவில்லை. அதனால் குழுக் குழுவாக வந்தார்கள். ஒரு குழு கிணற்றுத் தண்ணீரை எடுத்தது. இன்னொன்று வயல் மண்ணை எடுத்தது. உரம் என்றார்கள், கிருமிநாசினி என்றார்கள், வெயில் என்றார்கள். நகத்தை வெட்டிக்கொண்டு போனவர்களும் உண்டு. போனவர்கள் போனவர்கள்தான், முடிவைச் சொல்ல ஒருவரும் திரும்பி வரவில்லை.

2022 இல் ஒரு பல்கலைக்கழகக் குழுவுக்கு வேலை செய்ய நான் ஸ்கூட்டியில் போய் இறங்கியபோது முனாப் நானா கேட்ட முதல் கேள்வி இது: "நகம் எடுத்தாங்க, மயிர் எடுத்தாங்க. இன்னும் என்ன மிச்சம் இரிக்கி புள்ள? எங்கட நிழலையும் சுருட்டிட்டுப் போங்களன்!"

"நிழல் வேண்டாம் நானா. சலம்தான் வேணும்" என்றேன்.

அன்றிலிருந்து எனக்குச் 'சலக்கார டொக்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்.

வேலை இதுதான். முதல் நாள் பின்னேரம் வீட்டுக்கு வீடு சின்னப் போத்தல்கள் கொடுப்பேன். ஒவ்வொன்றிலும் ஆளுடைய இலக்கம் எழுதி ஒட்டியிருக்கும். முனாப் நானா 417, அக்கா 418. காலையில் எழும்பியதும் போகும் முதல் சலத்தை அதில் பிடித்து வைக்கவேண்டும். நான் சூடு ஏறாத ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டுக்கொண்டு போய் நாற்பது போத்தலையும் சேர்த்து, ஒன்பதரைக்குள் பிரதான வீதியில் நிற்கும் வான் வண்டியில் ஏற்றவேண்டும். வான் காத்திராது. பழுது உள்ளவர்களுக்குக் கிளினிக் போகச் சொல்லிக் கடிதம் வரும். பழுது இல்லாதவர்களுக்குப் பச்சை அட்டை வரும்.

அன்று எல்லாம் பிந்திவிட்டது. முதல் வீட்டிலேயே ஒரு கிழவர் போத்தலைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுத் தேடினார். அக்காவின் படலை வாசலுக்கு வந்தபோது ஒன்பது தாண்டிவிட்டது. "அவர் விடியச் சுபஹு தொழுதிட்டு வயலுக்குப் போயிட்டார் புள்ள. போத்தல் வெச்சிட்டுத்தான் போன. இந்தா எடுத்தாறன்" என்று உள்ளே போனார். போனவர் வரவில்லை. ஐந்து நிமிடம். எட்டு நிமிடம். குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. எனக்குத் தலை வெடித்தது.

"அக்கா! ரெண்டு போத்தல் எடுத்து வர இவ்வளவு நேரமோ? உங்கட வீடு மட்டுமோ எனக்கு? வான் போச்சுதெண்டால் ஊரில இருக்கிற எல்லாற்ற சலமும் வீணாப்போகும், உங்களாலதான்! கெதியா வாங்கோ!"

ஒழுங்கை முழுக்கக் கேட்டது. பக்கத்து வீட்டு வேலிக்கு மேலால் ஒரு தலை எட்டிப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் கழித்து அக்கா ஓடி வந்தார். முந்தானையால் மூடி இரண்டு போத்தலையும் நீட்டினார். வெளிப்பக்கம் கழுவித் துடைத்திருந்தது. ஒட்டியிருந்த தாளில் மை கொஞ்சம் கரைந்திருந்தது. "கழுவித்தான் கொண்டாந்த. உங்கட கையில படப்படாதே" என்றார். மூச்சு வாங்கியது.

நான் 418 ஐ வாங்கினேன். ஆறிக் குளிர்ந்திருந்தது. 417 ஐ வாங்கினேன். அது சூடாக இருந்தது.

நானா போய் மூன்று மணித்தியாலம் ஆகிவிட்டது. அவர் வைத்துவிட்டுப் போன போத்தல் எப்படிச் சூடாக இருக்கும்? நான் அக்காவைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார். கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், கத்துவதற்கு இருந்த வாய்தானே! ஆனால் நேரம் ஒன்பது இருபது. இரண்டையும் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு ஸ்கூட்டியை முறுக்கினேன். பிறகு மறந்துபோனேன் என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை. மறந்த மாதிரி இருந்தேன்.

இரண்டு மாதத்தில் இரண்டு பச்சை அட்டைகள் வந்தன. நானேதான் கொண்டுபோய்க் கொடுத்தேன். முனாப் நானா தன் அட்டையை அலுமாரிக் கதவில் பசை பூசி ஒட்டினார். "எட்டாம் வகுப்பில கூட நான் பாஸ் இல்ல. சலத்துல பாஸ்!" என்று வயல்காரர்களுக்கெல்லாம் காட்டினார். அக்கா சிரிக்கவில்லை. எனக்குத் தேத்தண்ணி தந்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த வருடம் நானாவுக்கு உடம்பு கடிக்கத் தொடங்கியது. சொறிந்து சொறிந்து தோல் கறுத்தது. காலையில் முகம் வீங்கியிருக்கும். சோறு பிடிக்கவில்லை. அக்கா கிளினிக் போவோம் வாருங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். நானா அலுமாரியைக் காட்டுவாராம். "படிச்சவங்க எழுதித் தந்திரிக்காங்க. உனக்கென்ன அவங்களவிடத் தெரியுமா?" அக்கா அதற்கு மேல் கெஞ்சமாட்டார், எழும்பிக் குழாயடிக்குப் போய்விடுவார்.

2024 மார்ச்சில் வயல் வரம்பில் விழுந்தார். திருகோணமலைக்கு ஏற்றி வந்து, கழுத்தில் குழாய் போட்டு, இரத்தம் சுத்திகரிக்கும் மெசினில் கொளுவினார்கள். எங்கள் ஆராய்ச்சிக்குச் சலம் கொடுத்தவர்கள் யாராவது அங்கே வந்தால் பதிவது அப்போது என் வேலையாக இருந்தது. பட்டியலில் 417 ஐக் கண்டதும் வார்டுக்குப் போனேன். கட்டிலில் கிடந்தபடி நானா என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"சலக்கார டொக்டர்! உங்கட பச்சைக் காட் இன்னும் அலுமாரியிலதான் இரிக்கி."

கிழமையில் மூன்று நாள் மெசின். மூன்று நாளும் அக்கா கந்தளாயிலிருந்து பஸ்ஸில் கூட்டிவருவார். நான்கு மணித்தியாலம் அவருடைய காலடியில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருப்பார். போகும்போது அந்தக் கதிரையையும் துடைத்துவிட்டுப் போவார்.

டொக்டர் ஒளிக்காமல் சொன்னார், இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன, இனித் தேறாது என்று. யாராவது ஒன்று கொடுத்தால் மாற்றலாம். அக்கா அந்த இடத்திலேயே "நான் தாறன்" என்றார். எல்லாம் சோதித்தார்கள். இரத்தம் பொருந்தியது. அக்காவின் சிறுநீரகம் நல்ல சுகமாக இருந்தது. இரண்டு பேரும் கையெழுத்து வைத்தால் மேல் வேலை தொடங்கலாம். அக்கா வைத்தார். நானா மாட்டேன் என்றார்.

"ஒண்டரை வருசத்துக்கு முந்தி எனக்கு ஒண்டுமில்ல எண்டு காட் இரிக்கி டொக்டர். அதுக்குள்ள எப்பிடிச் சுருங்கும்? உங்கட ஸ்கான் மெசின் பிழை. கெதியா வந்தது கெதியாப் போயிரும். இவள வெட்டி எடுத்து எனக்கு வெக்கிறதா? எங்களுக்குப் பொம்புளப் புள்ள ஒருத்தி இரிக்காள். ஏலாது."

டொக்டருக்கும் குழப்பம்தான். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்பிடி ஒரு கேஸ் நான் காணேல்ல" என்று என்னிடம் சொன்னார். "முதல் சுற்றில நோர்மல்தானே மேனுஜா?" என்று கேட்டார். நான் ஓம் என்றேன்.

அக்டோபரில் ஒரு நாள் நானா மெசினில் இருக்கும்போது அக்கா என்னைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம், கடற்காற்று வரும் ஒரு மர வாங்கில் போய் இருந்தோம். நான் வாங்கிக் கொடுத்த பால் இல்லாத பிளேன்ரீயை அவர் குடிக்கவில்லை. சொன்னார்.

"அண்டைக்கு அவர் குளியலறைக் கட்டுல போத்தல வெச்சிட்டுப் போனார். மூடி சரியா இறுக்கல்ல, வெளியால வடிஞ்சிருந்திச்சி. நஜீஸ், அசுத்தம். அத அப்பிடியே ஒரு பொம்புளப் புள்ளைட கையில எப்பிடிக் குடுக்கிற? நீங்க வேற மார்க்கத்து ஆக்கள், எங்கள என்ன நினைப்பீங்க? குழாயில பிடிச்சுக் கழுவினன். சவர்க்காரக் கை. வழுக்கிக் கீழ விழுந்து மூடி கழண்டு எல்லாம் ஊத்திட்டுது. நீங்க வாசல்ல நிண்டு கத்துறீங்க. ஊரார்ட எல்லாம் வீணாப்போகும் எண்டு செல்றீங்க. எனக்குக் கையும் ஓடல்ல காலும் ஓடல்ல. என்டயத்தானே இன்னொருக்காப் பிடிச்சன். ரெண்டு போத்தலும் என்ட தான் புள்ள. அவர்ட பச்சைக் காட்டும் என்ட காட்தான்."

நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொட்டியாரக்குடாப் பக்கம் ஒரு கப்பல் நின்றது.

"அவருக்கு இது தெரியா. தெரிஞ்சா அந்தக் காட் பொய் எண்டு விளங்கும், கையெழுத்து வெப்பார். என்ட கிட்னியை எடுப்பார். ஆனா பதினேழு வருசம் வாழ்ந்த மனிசன், என்ன மன்னிக்காமப் போயிருவாரோ எண்டு பயமா இரிக்கி. இவ்வளவு நாளும் அதுதான் செல்லல்ல. இப்ப செல்லத்தான் வேணும் போல இரிக்கி. நீங்க படிச்ச புள்ள. செல்லுங்க. செல்லட்டா?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லவேண்டும் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லுங்கள் அக்கா, இப்பவே போய்ச் சொல்லுங்கள், நானும் வருகிறேன். அவ்வளவுதான். எனக்கு என்ன ஞாபகம் வந்தது தெரியுமா? சூடான அந்தப் போத்தல் ஞாபகம் வந்தது. டொக்டர் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார். நீ பார்க்கவில்லையா என்று கேட்பார். அன்று கொண்டுவந்த நாற்பதையும் சந்தேகப்படுவார்கள். என் வேலை போகும். சீ! ஒரு மனிதருடைய உயிருக்கு முன்னால் எனக்கு என் வேலை ஞாபகம் வந்தது.

"இப்ப சொல்லாதேங்கோ அக்கா" என்றேன். "ஆள் களைச்சுப் போயிருக்கிறார். கொஞ்சம் தேறட்டும். பிறகு ஆறுதலாச் சொல்லலாம்."

அக்கா என் கையைப் பிடித்தார். "நீங்க செல்றது சரி புள்ள" என்றார். ஆறிப்போன பிளேன்ரீயை ஒரே மூச்சில் குடித்தார். கோப்பையைக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவிக்கொண்டு வந்தார்.

அன்றிலிருந்து ஒன்பதாம் நாள் நானாவுக்குக் காய்ச்சல் வந்தது. கழுத்துக் குழாயால் கிருமி ஏறிவிட்டது. இரண்டு நாளில் நினைவு தப்பியது. நான் போய்ப் பார்த்தபோது அக்கா அவருடைய காதோடு வாயை வைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மெதுவாக, விடாமல், நெடுநேரம். அன்று பின்னேரம் நானா கண்ணை மூடி மௌத்தாகிவிட்டார்.

அந்த ஊரில் ஆணின் உடலை ஆண்கள்தான் குளிப்பாட்டுவார்கள். அக்கா விடவில்லை. "எனக்கு மார்க்கத்துல இடம் இரிக்கி. நான்தான் கழுவுவன்" என்று கதவடியில் நின்றுவிட்டார். பெரியவர்கள் பேசிப் பார்த்துவிட்டுச் சரி என்றார்கள். கழுத்தில் குழாய் ஏற்றிய இடத்தை மட்டும் உம்மா கனநேரம் கழுவினா என்று மகள் சனூஸா பிறகு என்னிடம் சொல்லி அழுதாள். நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன்.

ஜனவரியில் ஆராய்ச்சியின் இரண்டாம் சுற்று தொடங்கியது. வீடுகள் தெரிந்தவள் என்று என்னைத்தான் அனுப்பினார்கள். பட்டியலில் 417 அப்படியே இருந்தது. முதல் சுற்று: பழுது இல்லை. இரண்டாம் சுற்றுக்கு நேரே, போத்தல் கிடைக்காவிட்டால் காரணம் எழுத ஒரு கட்டம். முதல் நாள் பின்னேரம் சனூஸாவின் கையில் ஒரு போத்தலைக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த நாள் காலை அக்காவின் படலைக்கு வெளியே ஸ்கூட்டியை நிறுத்தி, அந்தக் கட்டத்தில் 'மரணம்' என்று எழுதினேன். அதற்குக் கீழே, 'முதல் சுற்றுப் போத்தல் இவருடையது அல்ல. வாங்கும்போது சூடாக இருந்தது. தெரிந்தே வைத்தேன்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

கூப்பிடப் பயமாக இருந்தது. அந்த வாசலில் நின்று கத்தியவள் நான். மெதுவாக "அக்கா" என்றேன்.

அக்கா இத்தாவில் இருந்தார். கணவன் மௌத்தானால் நான்கு மாதம் பத்து நாள் வெளியே வரமாட்டார்கள். வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு கதவுச் சீலைக்குப் பின்னால் வந்து நின்றார். மெலிந்து பாதியாகியிருந்தார். சீலையை விலக்கிப் போத்தலை நீட்டினார். 418. வெளிப்பக்கம் ஈரமில்லை. தாளில் மை கரையவில்லை.

"கழுவல்ல புள்ள. மன்னிச்சுக்கங்க. பார்த்துப் பிடிங்க" என்றார்.

எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. போத்தலை வாங்கிக்கொண்டு எழுதிய தாளை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. வாயாலேயே சொன்னேன். அன்றைக்கு 417 சூடாக இருந்தது அக்கா, எனக்கு அப்பவே தெரியும், கேட்காமல் கொண்டுபோனனான், டொக்டர் கேட்டபோதும் சொல்லேல்ல. எல்லாவற்றையும் கொட்டினேன்.

உள்ளே அலுமாரிக் கதவு தெரிந்தது. அட்டை இருந்த இடத்தில் பசை மட்டும் காய்ந்து கிடந்தது.

"தெரியுமா உங்களுக்கு?" என்று அக்கா கேட்டார்.

"ஓம்."

"அண்டைக்கு ஆஸ்பத்திரி வாங்குல இருக்கக்குள்ளயும் தெரியுமா?"

"ஓம் அக்கா."

"அப்ப ஏன் புள்ள, செல்லாதேங்க எண்டு செல்லின?"

இவ்வளவு நீளமான என் வாயில் அதற்கு ஒரு சொல் இருக்கவில்லை. கோபித்தால், அடித்தால், கதவைச் சாத்தினால் நிம்மதியாக இருந்திருக்கும். அக்கா கதவைச் சாத்தவில்லை. நான் பதில் சொல்வேன் என்று உண்மையாகவே காத்துக்கொண்டு நின்றார். பிறகு என் தோளுக்கு மேலால் ஸ்கூட்டியில் கட்டியிருந்த பெட்டியைப் பார்த்தார்.

"ஐஸ் கரையுது. போங்க" என்றார். "மத்த ஆக்கள்டயாவது சரியாப் போய்ச் சேரட்டும்."

சீலையை இழுத்து விட்டார். இவ்வளவு நேரமும் பிடித்துக்கொண்டு நின்றதில் போத்தல் என் கையில் சூடாகியிருந்தது. பெட்டியைத் திறந்து அதை ஐஸுக்குள் வைத்தேன். வான் போக இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.